கொன்றவன் இருக்கக் கெஞ்சியவன் இரண்டகனா?

1955ஆம் ஆண்டு சூன் 22ஆம் நாள் எருசலேம் மாவட்ட முறைமன்றத்தில் ஒரு தீர்ப்புப் படிக்கப்பெற்றது. அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பெற்றவர் மல்கியேல் குரூன்வால்டு என்னும் முதியவர். அரசு அலுவலர் ஒருவரைப் பழிதூற்றித் துண்டறிக்கை விடுத்தார் என்று அரசே அவர்மேல் வழக்குத் தொடுத்திருந்தது. பழிதூற்றப்பெற்ற அலுவலர் மன்றேறியதோ சான்றாளராக. ஆயினும் நடுவர் பெஞ்சமின் அலேவி தீர்ப்பைப் படித்து முடித்தபோது, குற்றக்கூண்டில் நின்றவர் ஒரே ஓர் இசுரேல் பவுன் தண்டத்தோடு விடுபட்டார். சான்று கூற வந்தவரோ தன் உயிரை அலகைக்கு விற்றவர் என்னும் அழியாப் பழிக்கு ஆளானார். அவர்தாம் இருடோல்பு காசுட்னர்.

இவ் வழக்கின் கதையை நம்மிடையே மேடையேறும் சிலரும், உலக வரலாற்றை நுனிப்புல் மேய்ந்து எழுதும் சிலரும், ஒரு கைப்பிடிச் சுண்டலைப்போல் வாயில் இட்டு மென்றுகொண்டிருக்கின்றனர். "யூதரைக் கொன்றவன் இட்லர் மட்டுமா? அவர்தம் தலைவர்களே அவர்களைக் காட்டிக் கொடுத்தார்களே!" என்று கேட்டுவிட்டு, ஏதோ பெரிய மெய்ம்மையைக் கண்டறிந்துவிட்டவர்போல் கைதட்டலுக்குக் காத்து நிற்கின்றனர். அன்பர்காள், இவ்வுரை வரலாற்றுப் பிழை என்பதோடு நில்லாது. கொலைகாரன் தலைக்குக் குடைபிடிக்கும் கீழ்மையும் ஆகும். அதனாலேயே இங்கு இதனைச் சற்று விரிவாக எழுத வேண்டியதாயிற்று.

நடந்தது யாது என்பதை முதற்கண் காண்போம்.

காசுட்னர் 1906இல் கொலோசுவார் நகரில் பிறந்தவர், சட்டம் பயின்றவர், இதழாளர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அங்கேரியின் தலைநகராம் புடாபெசுட்டில் யூதர்க்கு உதவவும் அவரை மீட்கவும் அமைந்த ஒரு சிறு குழுவின் முன்னணியில் நின்றார். போலந்திலிருந்தும் சுலோவாக்கியாவிலிருந்தும் தப்பி வருவோரை எல்லை கடத்திக் கொணர்ந்து ஒளித்து வைப்பதே அக்குழுவின் தொடக்க வேலை. 1944 மார்ச்சு 19ஆம் நாள் செருமானியப் படை அங்கேரிக்குள் புகுந்தது. படையோடு ஐக்மனும் வந்தான். அந்நாளில் அங்கேரியின் ஆட்சிக்குள் ஏறத்தாழ ஏழரை இலக்கம் யூதர் உயிரோடிருந்தனர். இட்லரின் ஆட்சி எட்டிய நாடுகளில் அழியாது எஞ்சியிருந்த பெருங்கூட்டம் அதுவே.

மே 15ஆம் நாள் முதல் தொடர்வண்டிகள் புறப்பட்டன. சூலை 9க்குள், 56 நாள்களில், 147 தொடர்வண்டிகளில் 4,30,000க்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டு அகற்றப்பெற்றனர். மிகப்பெரும்பாலோர் சென்று சேர்ந்த இடம் ஆசுவிட்சு. அவர்களிற் பெரும்பகுதியினர் இறங்கிய அன்றே நச்சுவளிக் கூடங்களிற் கொல்லப்பட்டனர். இவ்வளவு பேரைப் பிடித்தவர் யார்? வீடுவீடாகச் சென்று இழுத்து வந்தவர் யார்? செங்கற்சூளைகளில் அடைத்து, பெண்டிரின் காதணியையும் விட்டுவைக்காது பறித்து, வண்டியில் ஏற்றித் தாழிட்டவர் யார்? ஐக்மனோடு வந்தவர் சிறு கூட்டத்தினரே. வேலையை முடித்துக் கொடுத்தவர் அங்கேரி அரசின் ஊர்க்காவற் படையினர். இதனைச் சொல்லாமல் காசுட்னரின் பெயரை மட்டும் எடுக்கிறவன் வரலாறு சொல்கிறவன் ஆகான்.

அந்த 56 நாள்களுக்குள் காசுட்னர் செய்தது என்ன? கொலைகாரனிடம் சென்று பேரம் பேசினார். கையில் படையில்லை, துமுக்கி இல்லை, நாடில்லை, துணைக்கு வருவோம் என்ற வல்லரசும் இல்லை. இருந்தது சிறிது பணமும், உலகெங்கும் யூதருக்குப் பெருஞ்செல்வாக்கு உண்டென்று நாசியர் தாமே நம்பிய ஒரு பொய்யும். அந்தப் பொய்யையே முதலாக வைத்துப் பேரம் நடந்தது. ஐக்மன், பத்து இலக்கம் யூதருக்கு ஈடாகப் பதினாயிரம் சுமையுந்துகள் வேண்டுமென்று சொல்லிக் காசுட்னரின் தோழர் யோவேல் பிராண்டு என்பவரை மே மாதத்தில் இசுதான்புல்லுக்கு விடுத்தான். பிராண்டு அங்கிருந்து அலெப்போவை அடைந்ததும் பிரித்தானியர் அவரைச் சிறைப்பிடித்துக் கெய்ரோவுக்குக் கொண்டு சென்றனர். போர்க்காலத்தில் பகைவனுக்குச் சுமையுந்து கொடுப்பது எப்படி என்று நட்பு நாடுகள் கேட்டதில் பொருளுண்டு. அவ்வுந்துகள் உருசியருக்கு எதிராகவே பயன்படும் என்று ஐக்மன் சொல்லியனுப்பியதே, நட்பு நாடுகளைப் பிரிக்கும் சூழ்ச்சி அதனுள் இருந்தமையைக் காட்டும். அதனை நான் மறுக்கவில்லை. ஆயின் தூது சென்றவன் திரும்பாத ஒவ்வொரு நாளும் புடாபெசுட்டில் காசுட்னர் ஐக்மன் முன் நின்று, "விடை வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அப்பேரத்தின் கண்கூடான பயன் ஒரே ஒரு தொடர்வண்டி. 1944 சூன் 30ஆம் நாள் 1,684 பேரோடு அது புடாபெசுட்டிலிருந்து புறப்பட்டது. விலை தலைக்கு 1,000 தாலர். ஏழைகளுக்குப் பணம் கட்டும் பொருட்டு ஏறத்தாழ 150 இடங்கள் செல்வர்க்கு விற்கப்பெற்றன. பொன்னும் வயிரமும் பணமும் பெட்டிகளில் அடைத்துக் கொடுக்கப்பெற்றன. பெற்றுக்கொண்டவன் குர்ட்டு பெக்கர் என்னும் நாசி அலுவலன். வண்டி நேரே விடுதலைக்குச் செல்லவில்லை. பெர்கன்-பெல்சன் வதைப்பாசறைக்குத் திருப்பப்பட்டது. அங்கிருந்து ஆகத்தில் 318 பேரும், திசம்பரில் எஞ்சியோரும் சுவிட்சர்லாந்தை அடைந்தனர். கைக்குழந்தை முதல் முதியோர்வரை, தாய்தந்தையற்ற சிறுவர், அறிஞர், தொழிலாளர், சமயத் தலைவர் எனப் பலதிறத்தாரும் அதில் இருந்தனர். யூதர்க்குத் தனிநாடு என்னும் கொள்கையைக் கடுமையாக எதிர்த்து வந்த சத்மார் சமயத் தலைவர் யோவேல் தைத்தல்பாவும் அவ்வண்டியில்தான் உயிர் பிழைத்தார். அக்கொள்கைக்காரர் ஏற்பாடு செய்த வண்டியில் அதன் பெரும்பகைவர்க்கும் இடமிருந்தது என்பதைக் காசுட்னரைத் தூற்றுவோர் பலர் சொல்லாமல் விடுவர்.

அதே வேனிலில் ஏறத்தாழ 15,000 யூதர் ஆசுவிட்சுக்கு மாறாக ஆசுத்திரியாவின் சுட்ராசோப்புக்கு அனுப்பப்பெற்று, அவருட் பெரும்பாலோர் பிழைத்தனர். இது காசுட்னர் பேச்சின் பயன் என்பர் அவர் பக்கத்தார். வியன்னாவில் வேலையாள் பற்றாக்குறை இருந்ததே கரணியம் என்பர் மறுபக்கத்தார். இரண்டிலும் உண்மை இருக்கலாம். அதனை விடுப்போம்.

இனி, அவர்மேற் சாட்டப்பெற்ற குற்றத்துக்கு வருவோம். அது காற்றில் எழுந்த குற்றச்சாட்டு அன்று. எடையுடையதே.

1944 ஏப்பிரலில் ஆசுவிட்சிலிருந்து உருடோல்பு விர்பா, ஆல்பிரட்டு வெட்சுலர் என்னும் இரு யூத இளைஞர் தப்பி வெளிப்போந்தனர். அங்கு நடப்பதை எண்ணும் கணக்குமாக அவர்கள் சொல்லச்சொல்ல அம்மாத இறுதியில் அறிக்கையொன்று எழுதப்பெற்றது. அச்செய்தி விரைவிலேயே காசுட்னருக்கு எட்டிவிட்டது. மே மாதத் தொடக்கத்தில் அவர் தம் பிறந்த ஊராகிய கொலோசுவாருக்கும் சென்று வந்தார். அங்கே ஏறத்தாழ 18,000 யூதர் செங்கற்சூளையொன்றில் அடைபட்டிருந்தனர். உருமேனியாவின் எல்லையோ அவ்வூரிலிருந்து சில கல் தொலைவு. அங்குள்ள மக்களிடையே, தாங்கள் கென்யேர்மெசோ என்னுமிடத்திற்கு வேலைக்குக் கொண்டு செல்லப்படுகிறோம் என்னும் பொய்ச்செய்தி பரப்பப்பட்டிருந்தது. அதனை நம்பியே அவர்கள் வண்டியேறினர். அவர்களிலிருந்து 388 பேர் மட்டும் பிரித்தெடுக்கப்பட்டுப் புடாபெசுட்டுக்குக் கொணரப்பட்டு, பின் மேற்சொன்ன விடுதலை வண்டியில் ஏற்றப்பட்டனர். அவருள் காசுட்னரின் மாமனாரும் உற்றார் சிலரும் இருந்தனர். மற்றவர் ஆசுவிட்சுக்குச் சென்றனர்.

"தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை?" இதுவே வினா. உற்றாரை ஆசுவிட்சில் இழந்த கொலோசுவார்க்காரர் முறைமன்றத்தில் வந்து நின்று கேட்ட வினாவும் இதுதான். விர்பா 2006இல் சாகும்வரை இதே வினாவைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்த செய்தி, யாருக்காகக் கொண்டுவரப்பட்டதோ அவர்கள் செவிக்குச் சேராமலே போயிற்று என்றால் அம்மறவனின் நெஞ்சு கொதிப்பதில் வியப்பென்ன?

இதில் என் துணிபை ஒளிவின்றிச் சொல்கின்றேன். காசுட்னர் சொல்லியிருத்தல் வேண்டும். சாகப்போகிறவனுக்குத் தன் சாவைப்பற்றி அறியும் உரிமையுண்டு. ஓடுவதா, ஒளிவதா, எதிர்ப்பதா, குழந்தையை அண்டை வீட்டானிடம் ஒப்படைப்பதா என்று முடிவெடுக்கும் உரிமை அவனுடையது. அவனுக்காக வேறொருவன், எத்துணை நல்லெண்ணம் உடையவனாயினும், கமுக்கமாக முடிவெடுத்தல் தகாது. பேரம் கெட்டுவிடும் என்னும் அச்சத்தால் காசுட்னர் வாய்பொத்தினார் என்றால், அது அவர் வாழ்வில் நீங்காக் கறை. அதனைக் கழுவ நான் வரவில்லை.

ஆனால், அறிவுடையீர், கறை வேறு, இரண்டகம் வேறு. தமிழில் இவ்விரு சொற்களும் தனித்தனியே இருப்பது வீணுக்கன்று. தன் மக்களை அழிக்க வேண்டும் என்று எண்ணிப் பகைவனோடு கூடுகிறவன் இரண்டகன். மக்களுள் சிலரையாவது மீட்க வேண்டும் என்று பகைவன் காலடியில் விழுகிறவன் தவறலாம், தடுமாறலாம், மற்றவரை மறந்தும் போகலாம். அவனை அதே சொல்லால் அழைக்கிறவனுக்குச் சொல்லின் பொருள் தெரியவில்லை. நம் நாட்டிலும் எட்டப்பன் என்னும் பெயரை எடுத்து எறிய ஒருவனுக்கு ஒரு நொடி போதும். எறியப்பட்டவன் தலைமுறைக்கும் அதைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

நடுவர் அலேவி என்ன செய்தார்? காசுட்னருக்கும் ஐக்மனுக்கும் இடையே இருந்ததை இரு வணிகர்க்கிடையே எழுதப்பெற்ற உடன்படிக்கைபோற் கருதினார். 600 பேரைத் தருகிறேன், ஆயிரம் பேரைத் தருகிறேன் என்று ஒருவன் சொல்ல, மற்றவன் அதற்கு ஈடாக வாய்மூடியிருக்க இசைந்தான் எனக் கணக்கிட்டார். கழுத்தில் கத்தி வைத்தவனோடு செய்வது உடன்படிக்கையா? எந்த முறைநூல் அப்படிச் சொல்கிறது? மேலும், 1955இல் அமர்ந்திருந்தவருக்கு 1944இன் முடிவு முழுதும் தெரியும். பள்ளியில் விடைத்தாள் திருத்துகிறவன் கையில் விடை இருக்கும். எழுதுகிறவன் கையில் இராது. பல்லாண்டுகளாகத் தாள் திருத்திக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், திருத்துகிறவனுக்கு எல்லாக் கணக்கும் எளிதாகவே தோன்றும்.

சொல்லியிருந்தால் 18,000 பேரும் எல்லை கடந்திருப்பார்களா? கட்டிளங் காளையர் பல்லாயிரவர் முன்னரே கட்டாய உழைப்புப் படைகளுக்கு இழுத்துச் செல்லப்பட்டிருந்தனர். செங்கற்சூளைகளில் இருந்தோரிற் பலர் மகளிர், முதியோர், சிறார். சுற்றிலும் ஊர்க்காவற் படை. சிலர் தப்பியிருப்பர் என்பது உறுதி. அச்சிலருக்காகவே சொல்லியிருக்க வேண்டும் என்கிறேன். ஆனால் எல்லாரும் பிழைத்திருப்பர் என்றும், பிழைக்கவிடாமற் செய்தவர் காசுட்னர் என்றும் முடிப்பது, 4,30,000 பேரின் சாவை ஒரு தனியாளின் தோளில் ஏற்றும் ஏமாற்று.

இவ்வேமாற்று இவ்வழக்கோடு நிற்கவில்லை. 1963இல் வெளிவந்த அன்னா ஆரெண்டு அம்மையாரின் நூல், யூத மன்றத் தலைவர்கள் ஒத்துழைத்திராவிடின் இறந்தோர் தொகை இத்துணைப் பெரிதாக இருந்திராது என்னும் கருத்தைப் பரப்பிற்று. அம்மையார் பெரும் அறிவினர். ஆயினும் கேட்கிறேன்: 1941 செப்டம்பர் 29, 30 ஆகிய இரண்டே நாள்களில் கீவ் நகரின் பாபி யார் பள்ளத்தில் 33,771 யூதர் சுட்டுக் கொல்லப்பட்டனர், இது சுட்டவர்களே தம் மேலிடத்துக்கு எழுதிய கணக்கு. அங்கே எந்த மன்றம் பேரம் பேசிற்று? எந்தத் தலைவன் பட்டியல் எழுதினான்? சுவரொட்டியொன்று ஒட்டப்பட்டது, மக்கள் கூடினர், சுடப்பட்டனர். கொல்லுகிறவன் கொல்லத் துணிந்துவிட்டபின், பேரம் பேசுகிறவன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பள்ளம் நிரம்பிக்கொண்டுதான் இருந்தது.

பழி சுமத்தியே ஆகவேண்டும் என்பார் நாடுகளின் பக்கம் சற்றே திரும்புக. 1938 சூலையில் பிரான்சு நாட்டு எவியானில் 32 நாடுகள் கூடி யூத ஏதிலியர்க்காக உருகின. பெருந்தொகையினரை ஏற்க முன்வந்தது தொமினிக்கன் குடியரசு ஒன்றே. 1939இல் பிரித்தானியா வெளியிட்ட வெள்ளையறிக்கை, பாலத்தீனத்துக்குள் ஐந்தாண்டுகளில் 75,000 யூதர்க்கு மேல் நுழையலாகாது என்று தாழிட்டது. 1944 ஆகத்து 20ஆம் நாள் அமெரிக்க வானூர்திகள் ஆசுவிட்சுக்கு அண்மையிலிருந்த மோனோவிட்சு வேதித் தொழிற்சாலைமேல் குண்டு வீசின. நச்சுவளிக் கூடங்கள் அங்கிருந்து ஐந்து கல்லுக்குட்பட்ட தொலைவுதான். அங்கே ஒரு குண்டும் வீசப்படவில்லை. இந்நாடுகளின் தலைவர் எவரேனும் எந்த முறைமன்றத்திலேனும் இதற்காகக் கூண்டேறினாரா?

காசுட்னரின் மற்றொரு குற்றத்தை மறைத்தல் முறையன்று. போர் முடிந்தபின், 1947இல், நூரம்பர்கில் அவர் பெக்கருக்கு ஆதரவாகச் சான்றெழுதிக் கொடுத்தார். பொற்பெட்டி வாங்கிய அதே பெக்கர்தான். பின்னர் எருசலேம் மன்றத்தில் வினவியபோது, அப்படிக் கொடுக்கவில்லை என்று சாதித்தார். எதிர்வழக்குரைஞர் சுமுவேல் தாமிர், காசுட்னர் தாமே 1948இல் இசுரேல் நிதியமைச்சருக்கு எழுதிய மடலை எடுத்துக் காட்டினார். பெக்கர் விடுபட்டது தம் முயற்சியால் என்று அதில் எழுதியிருந்தது. அப்பொய் வெளிப்பட்ட நொடியில் மன்றம் அவரை நம்புவதை விட்டுவிட்டது. மீட்புக்காகப் பகைவனோடு பேசியதற்கு ஞாயம் உண்டு. மீட்பு முடிந்தபின், கொலைக்கூட்டத்தில் ஒருவனைக் காத்ததற்கு என்ன ஞாயம்? எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இதனைப் பொறுத்தவரை அவர் பெற்ற பழி அவர் தேடிக்கொண்டதே.

தாமிரின் நோக்கமும் தூயதன்று என்பதை இவ்விடத்திற் குறித்தல் வேண்டும். அவர் குறிவைத்தது காசுட்னரை மட்டுமன்று; அவர் சார்ந்திருந்த ஆளுங்கட்சியை. தீர்ப்பு வந்த சில நாளில் அமைச்சரவை கவிழ்ந்தது. அடுத்த மாதமே தேர்தல். அறுபது இலக்கத்தினரின் சாவும் தேர்தற் களத்தில் ஒரு கல்லாக எறியப்பட்டது.

1957 மார்ச்சு 3ஆம் நாள் நள்ளிரவையொட்டித் தெல்-அவீவில் தம் வீட்டு வாயிலில் காசுட்னர் சுடப்பட்டார். 15ஆம் நாள் இறந்தார். சுட்டவர் யூதரே. மூவர்க்கு வாழ்நாட் சிறை கிடைத்தது; 1963இல் மூவரும் விடுவிக்கப்பட்டனர். 1958 சனவரியில் உயர் முறைமன்றத்தின் ஐந்து நடுவர் கூடி, அலேவி தீர்ப்பின் பெரும்பகுதியைத் தள்ளினர். மக்களை மீட்கத் தமக்குத் தெரிந்த ஒரே வழியைக் காசுட்னர் பற்றினார் என்று நடுவர் அக்ரனாத்து விரிவாக எழுதினார். நடுவர் சில்பெர்கு மட்டும் உடன்படாது தனியே எழுதினார். பெக்கருக்குச் சான்றளித்த பகுதியில் மட்டும் ஐவரும் ஒருமித்துக் காசுட்னரைக் குற்றஞ்சாட்டினர். நல்ல தீர்ப்புத்தான், நான் மேலே பிரித்துக் காட்டிய கறையும் இரண்டகமும் அதில் ஓரளவு பிரிந்தே நிற்கின்றன. ஆனால் யாருக்குச் சொல்வது? சிலப்பதிகாரம் படித்தவர்க்கு இது புதிதன்று. கோவலன் வெட்டுண்டு கிடந்தபின்தான் பாண்டியன் அவைக்குச் சிலம்பு வந்தது. பாண்டியனேனும் அரியணையிலேயே உயிர்விட்டான்.

அலேவி உயிர்விடவில்லை, நெடுநாள் வாழ்ந்தார். 1961இல் ஐக்மனை உசாவிய மூன்று நடுவருள் அவரும் ஒருவர். 1955இல் அலகை என்று அவர் பெயரிட்ட அதே ஆள், கண்ணாடிக் கூண்டுக்குள், அவர் கண்முன் மாதக்கணக்கில் அமர்ந்திருந்தான். 1962இல் தூக்கிலிடப்பட்டான். அவனோடு பேரம் பேசியவரைச் சான்றுக்கு அழைக்க வழியில்லை. அவர் இறந்து நான்காண்டாகியிருந்தது.

பெக்கர் என்ன ஆனான் என்பதையும் கேட்டுவிடுங்கள். நாசிப் படைக்குக் குதிரை வாங்க அங்கேரிக்கு வந்தவன் அவன். 1944 மே மாதத்தில் அந்நாட்டின் மிகப்பெரிய யூதத் தொழில் நிறுவனமாகிய மான்பிரெட்டு வைசு ஆலைகளை, உரிமையாளரின் உயிரை ஈடாகக் காட்டி எழுதி வாங்கியவனும் அவனே. எந்த மன்றமும் அவனைக் குற்றவாளியாக நிறுத்தவில்லை. செருமனியின் பிரெமன் நகரில் தவச வணிகம் செய்து பெருஞ்செல்வன் ஆனான். ஐக்மன் வழக்குக்கு அவன் சான்று வேண்டப்பட்டபோது, எருசலேமுக்கு வந்தாற் சிறைப்படுவோம் என்று அஞ்சிப் பிரெமனிலிருந்தபடியே எழுதிக் கொடுத்தான். 1995இல், 85ஆம் அகவையில் இறந்தான்.